டென்வரின் அந்த 2-0: கோல்கீப்பர் மட்டுமே வாங்கிக் கொடுத்த வெற்றியா?

உங்கள் கேள்வி இதுதான்: 2024 அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி இறுதியாட்டத்தில் பாஸ்டன் காலேஜ் 35 ஷாட் அடித்தும் ஒரு கோல்கூட விழவில்லை. டென்வர் பல்கலைக்கழகம் 2-0 என்று ஜெயித்தது. உங்கள் அறைத்தோழர், "அன்றைக்கு நன்றாக ஆடியது எங்கள் அணிதான், அவர்களுடைய கோல்கீப்பர் ஒருவன்தான் எங்களைத் தோற்கடித்தான்" என்கிறார். டென்வர் ரசிகர்களோ அதைத் தடுப்பாட்டத்துக்கே பாடம் என்று கொண்டாடுகிறார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஷாட் எண்ணிக்கையை வைத்து எந்த அணி நன்றாக ஆடியது என்று சொல்ல முடியுமா? நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆட்டம் உங்களுக்குப் புதிது என்று சொல்லியிருப்பதால், தெரிந்தவர்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் மின்னசோட்டாவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகன் ஹாக்கியில் சேர்ந்தபோது, அரங்கத்துக் குளிரில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன். அப்புறம் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கி, பதினோரு வருஷமாகப் பத்திலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன், முக்கியமாகக் கோல்கீப்பர்களுக்கு. கல்லூரி மட்டத்தில் பயிற்சி கொடுத்தவன் இல்லை. ஆகவே அணியின் உள்ளறையில் என்ன திட்டம் போட்டார்கள் என்பது பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, பனித்தளத்தில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த ஆட்டத்தை 2024 ஏப்ரல் 13 அன்று செயின்ட் பால் நகரத்து எக்ஸெல் எனர்ஜி சென்டரில், மேலடுக்கில் உட்கார்ந்து நேரில் பார்த்தேன். பிறகு பதிவை இரண்டு தடவை முழுதாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அறைத்தோழர் சொல்வதில் பாதி உண்மை. கடைசி இருபது நிமிடத்தைக் காப்பாற்றியவர் டென்வரின் கோல்கீப்பர் மேட் டேவிஸ், இதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஆட்டம் டென்வர் கைக்குப் போனது அதற்கு முந்தைய நாற்பது நிமிடத்தில். 35 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். ஐஸ் ஹாக்கியில் இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். டேவிஸ் தடுத்த 35 ஷாட்டில் 23 மூன்றாம் பகுதியில் மட்டும் வந்தவை. அப்படியானால் முதல் இரண்டு பகுதிகளிலும் சேர்த்து, நாற்பது நிமிடத்தில், பாஸ்டன் காலேஜ் அடித்தது வெறும் 12. டென்வரின் இரண்டு கோலும் இரண்டாம் பகுதியில் விழுந்தன: முதலில் ஜாரெட் ரைட், அப்புறம் ரீகர் லோரன்ஸ். ரசிகர்கள் பேசுவதெல்லாம் 23 பற்றி. எனக்கு அந்த 12தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஏன் என்று புரிய, எதிரே நின்ற அணி எது என்று பார்க்க வேண்டும். பாஸ்டன் காலேஜ் அந்த வருஷம் போட்டித் தொடரின் முதல் நிலை அணி. கட்டர் கோத்தியே 38 கோல் போட்டிருந்தார், நாட்டிலேயே அவ்வளவு போட்டவர் வேறு யாரும் இல்லை. முதலாண்டு மாணவர் வில் ஸ்மித் 71 புள்ளி எடுத்து (கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்தது புள்ளி) நாட்டில் முதலிடம். அவரோடு ஒரே வரிசையில் (சேர்ந்தே தளத்தில் இறங்கும் மூன்று தாக்குதல் ஆட்டக்காரர்கள் ஒரு வரிசை) ஆடிய ரயன் லெனர்ட், கேப் பெரோ இருவரும் முதலாண்டுதான். கோத்தியே 2022லும், மற்ற மூவரும் 2023லும், என்ஹெச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்) அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும்போது முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள். ஸ்மித் நான்காவது இடம், கோத்தியே ஐந்தாவது, லெனர்ட் எட்டாவது. இரண்டு நாள் முன்பு அரையிறுதியில் மிச்சிகனை 4-0 என்று துவைத்திருந்தார்கள். அதற்குச் சில வாரம் முன் தங்கள் லீக்கான ஹாக்கி ஈஸ்ட்டின் இறுதியில் ஊர்ப் பகையாளியான பாஸ்டன் யுனிவர்சிட்டியை 6-2. (பாஸ்டன் காலேஜ் வேறு, பாஸ்டன் யுனிவர்சிட்டி வேறு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதில் குழம்புவார்கள்.) இப்படிப்பட்ட அணியை நாற்பது நிமிடத்தில் 12 ஷாட்டில் நிறுத்துவது கோல்கீப்பர் செய்கிற வேலை இல்லை. அது அவருக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரின் வேலை.

இங்கே ஷாட் என்றால் என்ன கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொலைக்காட்சியில் மூலையில் காட்டும் அந்த எண் பலரை ஏமாற்றுகிறது. கோல்கீப்பர் தடுக்காவிட்டால் வலைக்குள் போயிருக்கும் என்கிற அடி மட்டும்தான் அதில் சேரும். கம்பத்தில் பட்டுத் திரும்பினால் சேராது. வெளியே போனால் சேராது. நடுவில் தடுப்பாட்டக்காரர் காலையோ மட்டையையோ குறுக்கே வைத்து நிறுத்திவிட்டால் அதுவும் சேராது. ஆகவே ஷாட் குறைவாக இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: எதிரணிக்கு வட்டே (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வில்லை) கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் அடிக்கிற வழி அடைபட்டிருந்தது. முதல் இரண்டு பகுதிகளில் இரண்டும் நடந்தது. பாஸ்டன் காலேஜ் பையன்களுக்கு மிகப் பிடித்தது எதிரணியின் தடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் உள்ள நீலக் கோட்டை வேகமாகக் கடந்து, ஒருவர் பக்கவாட்டில் ஓடி, நடுவில் பின்னால் வருகிறவருக்குப் பாஸ் கொடுப்பது. டென்வரின் தடுப்பாட்டக்காரர்கள் நீலக் கோட்டுக்கு முன்பே எதிரே போய் நின்றார்கள். அங்கேயே வட்டைப் பறிகொடுத்தோ, வேறு வழியில்லாமல் அதை முன்னால் தூக்கிப் போட்டுத் துரத்தியோ, பாஸ்டன் காலேஜ் தன் ஆட்டத்தை விட்டு வேறு ஆட்டம் ஆட வேண்டியதாயிற்று. மேலடுக்கிலிருந்து பார்த்தால் இது நன்றாகத் தெரியும். தொலைக்காட்சி கேமரா வட்டின் பின்னாலேயே ஓடுவதால் அதில் அவ்வளவு தெரியாது. இந்தப் பத்தியில் நான் சொல்வது என் கண் பார்த்தது, அளந்து எடுத்த கணக்கு இல்லை.

எல்லா ஷாட்டுக்கும் ஒரே மதிப்பும் கிடையாது. கோல் என்பது ஆறடி அகலம், நாலடி உயரம். அதற்கு நேர் முன்னால், பனித்தளத்தில் வரைந்திருக்கும் இரண்டு வட்டங்களுக்கு நடுவே உள்ள இடத்தை ஸ்லாட் என்பார்கள். அங்கிருந்து அடிக்கும் ஒரு ஷாட், பக்கச் சுவரோரம் நின்று அடிக்கும் பல ஷாட்டுக்குச் சமம். இது கருத்து அல்ல, பல வருஷக் கணக்குகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். அதேபோல, கோல்கீப்பர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர வேண்டிய மாதிரி ஒரு குறுக்குப் பாஸ் வந்து அதன் பின் வரும் ஷாட் மிக ஆபத்தானது. ஆகையால் 23 என்ற எண்ணைக் கேட்டதும், "எங்கிருந்து, எப்படி?" என்று அடுத்த கேள்வி வர வேண்டும்.

இனி மூன்றாம் பகுதிக்கு வருகிறேன். இரண்டு கோல் முன்னிலையில் இருக்கும் அணி கடைசிப் பகுதியில் பின்வாங்கி ஆடுவதும், பின்தங்கிய அணி கண்ட இடத்திலிருந்தெல்லாம் அடிப்பதும் இந்த ஆட்டத்தில் எங்கும் நடப்பது. என்ஹெச்எல்லில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை வைத்துப் பார்த்து நிலைநாட்டப்பட்ட விஷயம் இது: முன்னிலையில் இருப்பவர்களின் ஷாட் குறையும், துரத்துகிறவர்களின் ஷாட் கூடும். அதனால்தான் அணிகளின் தரத்தை ஷாட் கணக்கை வைத்து எடைபோடுகிறவர்கள், ஸ்கோர் சமமாக இருந்த நேரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள். நம் ஆட்டத்தில் அப்படிப் பார்த்தால், ஸ்கோர் சமமாக இருந்த நேரம் முழுக்க வெறும் 12 ஷாட் வந்த அந்த நாற்பது நிமிடத்துக்குள்தான் வருகிறது. உங்கள் அறைத்தோழர் ஆதாரமாகக் காட்டும் 23 ஷாட்டும் அவர்கள் இரண்டு கோல் பின்னால் இருந்தபோது வந்தவை. "நாங்கள் அடக்கி ஆண்டோம்" என்பதற்கு அதைச் சாட்சியாகக் கொண்டுவருவது சரியாக வராது.

ஆனால் டென்வர் ரசிகர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்தக் கடைசி இருபது நிமிடத்தைத் தடுப்பாட்டப் பாடம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திட்டமிட்டுப் பின்வாங்குவதற்கும், வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு வரிசை ஆட்டக்காரர்கள் தளத்தில் நாற்பது, நாற்பத்தைந்து வினாடிதான் முழு வேகத்தில் இருக்க முடியும், அதற்குள் மாற வேண்டும். தங்கள் பகுதியிலேயே அடைபட்டிருந்தால் மாற முடியாது. கால் சோர்ந்தவர்கள் கையில் வட்டு கிடைத்தாலும் தூக்கி வெளியே எறிவார்கள், அது உடனே திரும்பி வரும். இதை வேண்டுமென்று எந்தப் பயிற்சியாளரும் செய்யச் சொல்ல மாட்டார். அந்த இருபது நிமிடத்தில் இப்படிச் சில நேரங்கள் வந்தன. அப்போது டென்வரின் ஐந்து பேரும் கோலுக்கு முன்னால் ஒரு சிறு கூட்டுக்குள் சுருங்கி, மட்டையைத் தரையோடு வைத்து, நடுவழியை மட்டும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். மிச்சமெல்லாம் டேவிஸ் தலையில் விழுந்தது.

டேவிஸின் பங்கு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்லூரி மட்டத்தில் சராசரியான கோல்கீப்பர் நூறு ஷாட்டில் ஏறக்குறைய 91 தடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். எல்லா ஷாட்டும் சராசரியானவை, ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாதவை என்றும் வைத்துக்கொள்வோம். (இரண்டுமே முழு உண்மை இல்லை, ஆனால் தோராயத்துக்குப் போதும்.) அப்படிப்பட்டவர் 35 ஷாட்டையும் விடாமல் தடுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஆகவே ஒரு கோல்கூட விடாதது அபூர்வம்தான், டேவிஸ் அன்று சராசரியைவிட எங்கோ மேலே இருந்தார். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குப் போனதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் டென்வர் ஜெயிக்க 'ஒன்றுகூட விடக் கூடாது' என்ற அவசியம் இல்லை. இரண்டு கோல் முன்னிலை இருந்தது, ஒன்று விட்டாலும் ஜெயம்தான். மூன்றாம் பகுதியின் 23 ஷாட்டை ஒரு சராசரிக் கோல்கீப்பர் சந்தித்து, அதிகபட்சம் ஒரு கோல் மட்டும் விடும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு 37 வருகிறது. அந்த ஷாட்டுகளில் நிறைய தூரத்திலிருந்தும் ஓரத்திலிருந்தும் வந்தவை என்று கொண்டு, தடுக்கும் விகிதத்தை 94 ஆக்கினால், அதே வாய்ப்பு 60க்குப் பக்கத்தில் போகிறது. இரண்டு விட்டிருந்தாலும் ஆட்டம் தோற்காது, கூடுதல் நேரத்துக்குத்தான் போயிருக்கும். அதாவது டேவிஸ் இடத்தில் சாதாரண ஒருவர் நின்றிருந்தாலும் டென்வர் நிச்சயம் தோற்றிருக்கும் என்று சொல்ல முடியாது. அவர் இருந்ததால் பெரிய சந்தேகம் ஒன்று சின்னச் சந்தேகமாகக் குறைந்தது. 91ஆ 94ஆ என்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அது தெரியும்.

கோல்கீப்பர் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் என் சனிக்கிழமைக் காலைகள் அதில்தான் போகின்றன. வட்டு என்பது மூன்று அங்குலக் குறுக்களவும் ஒரு அங்குலத் தடிமனும் உள்ள கெட்டி ரப்பர், ஏறக்குறைய 170 கிராம். துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் உறைய வைத்து எடுத்து வருவார்கள். ஸ்லாட்டில் ஆறு மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் அடித்தால், அது கோலுக்கு வர ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மனிதக் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசையவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே பக்கத்திலிருந்து வரும் ஷாட்டைப் பார்த்துப் பிடிப்பது என்பது நடக்கிற காரியம் இல்லை. அடிக்கும் முன்பே சரியான இடத்தில், சரியான கோணத்தில், உடம்பு ஆடாமல் நின்றிருக்க வேண்டும். அப்போது வட்டுதான் வந்து அவர்மேல் படும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஒரு முழுக் குளிர்காலம் ஆகும். என்னிடம் இப்போது வரும் பெண் ஒருத்தி, வட்டு இடமிருந்து வலம் போனதும் கண்ணை மட்டும் திருப்புவாள், கால் அங்கேயே நிற்கும். நான் அவள் பின்னால் வலைக்குள் முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு, "முதலில் தலை, அப்புறம் தோள், அப்புறம் தள்ளு, நின்ற பிறகுதான் பார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் தானாக வந்துவிடும். வந்த அன்றைக்கு அவளுக்கு எதிரே அடிப்பவர்களுக்குக் கோல் திடீரென்று சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கும்.

டேவிஸிடம் அன்று பார்த்தது அதுதான். பாய்ந்து விழுந்து தடுப்பதைத்தான் தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போடும். நான் ரசித்தது வேறு: குறுக்குப் பாஸ் போகும்போதே மறுபக்கம் போய்ச் சேர்ந்து, ஷாட் வருமுன் அசையாமல் நின்றுவிட்டார். இன்னொன்று, மார்பில் பட்ட வட்டை அப்படியே அணைத்துக்கொண்டார். வட்டு பட்டுத் திரும்பி ஸ்லாட்டில் விழுந்தால்தான் இரண்டாவது ஷாட், மூன்றாவது ஷாட் என்று வரிசையாக வரும், கோல் பெரும்பாலும் அங்கேதான் விழும். வட்டை விடாமல் பிடித்துவிட்டால் நடுவர் விசில் ஊதுவார், சோர்ந்த தடுப்பாட்டக்காரர்கள் மாறிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்ட அணிக்கு அந்த விசில்தான் மூச்சு. இவரை எந்த என்ஹெச்எல் அணியும் தேர்வு செய்திருக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் மேக்னஸ் க்ரோனாவுக்குப் பின்னால் பெஞ்சில் காத்திருந்தவர், மூன்றாம் வருஷம்தான் இடம் கிடைத்தது.

"ஒரே ஒரு ஆட்டத்தில் அதிர்ஷ்டம் அடித்தது" என்பதற்கு எதிராக இன்னொரு விஷயமும் இருக்கிறது. டென்வர் அந்தச் சீசனில் நாட்டிலேயே ஆட்டத்துக்கு அதிக கோல் போட்ட அணி. தடுத்து ஆடும் அணி என்று யாரும் அவர்களைச் சொன்னதில்லை. ஆனால் பதினாறு அணிகள் மோதும் கடைசித் தொடருக்குள் வந்ததும் வேறு அணி மாதிரி ஆடினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் மாசசூசெட்ஸ் அணியை 2-1, அதுவும் இரண்டாவது கூடுதல் நேரத்தில். அடுத்து கார்னெலை 2-1. செயின்ட் பாலில் அரையிறுதியில் பாஸ்டன் யுனிவர்சிட்டியை 2-1, கூடுதல் நேரத்தில் ட்ரிஸ்டன் ப்ரோஸ் போட்ட கோலால். கடைசியில் இந்த 2-0. நாலு ஆட்டத்தில் விட்டது மொத்தம் மூன்று கோல், போட்டது ஆட்டத்துக்கு இரண்டே இரண்டு. தாக்கி ஆடிப் பழகிய அணி, தன் இயல்பை அடக்கிக்கொண்டு நாலு ஆட்டம் தொடர்ந்து இப்படி ஆடியது என்றால், அதில் ஒரு தீர்மானம் இருக்கிறது. ஆனால் அந்த நாலில் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் போனவை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு வட்டு கம்பத்துக்கு உள்பக்கம் பட்டிருந்தால் டென்வர் முதல் ஆட்டத்திலேயே ஊருக்குத் திரும்பியிருக்கும். இந்தத் தொடரில் தோற்றால் வெளியே. என்ஹெச்எல் மாதிரி ஏழு ஆட்டம் வைத்துப் பார்க்கிற வசதி இங்கே இல்லை. அதனால் 'எது சிறந்த அணி' என்ற கேள்விக்கு இந்தக் கோப்பை பதில் சொல்வதில்லை. சீசன் முழுதையும் எடுத்தால் பாஸ்டன் காலேஜ் ஒரு மயிரிழை மேலே என்றே நானும் சொல்வேன். அன்றைக்கு நன்றாக ஆடிய அணி எது என்பது வேறு கேள்வி.

ரசிகர்கள் சொல்லும் மற்ற காரணங்களையும் கேட்டிருந்தீர்கள். ஒன்று, பயிற்சியாளர் டேவிட் கார்லுக்குப் பாஸ்டன் காலேஜ் பையன்களின் ஆட்டம் உள்ளும் புறமும் தெரியும் என்பது. இது சுவாரஸ்யமான விஷயம்தான். அதே வருஷம் ஜனவரியில் ஸ்வீடனின் கோதென்பர்கில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்குப் பயிற்சியாளர் இந்தக் கார்ல்தான். கோத்தியே, ஸ்மித், லெனர்ட், பெரோ நால்வரும், பாஸ்டன் காலேஜ் கோல்கீப்பர் ஜேக்கப் ஃபௌலரும் அந்த அணியில் இருந்தார்கள், டென்வரின் ஸீவ் பியூயமும் இருந்தார். மூன்று மாதம் முன் தன் பெஞ்சில் உட்கார்ந்த பையன்களையே கார்ல் எதிர்கொண்டார். அது உதவியதா? கொஞ்சம் உதவியிருக்கும். ஆனால் ஆட்டக்காரர்களின் பழக்கவழக்கம் எல்லோரிடமும் வீடியோவில் இருக்கிறது, கார்ல் எப்படி யோசிப்பார் என்பது அந்தப் பையன்களுக்கும் தெரியும். இதை வைத்து வெற்றியை விளக்குவது கதைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். கார்லைப் பற்றி ஒன்று மட்டும்: அவரும் நல்ல ஆட்டக்காரராக வளர்ந்தவர். 2008இல் இதயத்தசை தடிக்கும் நோய் இருப்பது தெரிந்ததும் பதினெட்டு வயதில் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. டென்வர் அவருக்குக் கொடுப்பதாகச் சொன்ன கல்வி உதவியை அப்படியே கொடுத்தது, அவர் மாணவராக இருந்தபடியே பயிற்சி உதவிக்கு வந்தார். அந்த ஆள் அதே பல்கலைக்கழகத்துக்கு 2022லும் 2024லும் கோப்பை வாங்கிக் கொடுத்ததை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு மனம் நிறைகிறது.

இரண்டாவது காரணம், அனுபவம். பாஸ்டன் காலேஜின் முதல் வரிசை பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், டென்வரில் 2022 கோப்பையைத் தூக்கியவர்கள் சிலர் இன்னும் இருந்தார்கள். கல்லூரி ஹாக்கியில் இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுக்காரர்கள் சாதாரணம், உடல்வலுவில் அந்த வித்தியாசம் தெரியும் என்பதும் உண்மை. ஆனாலும் இந்தக் காரணத்தை நான் பாதிதான் நம்புகிறேன். அன்று டென்வருக்காக மிக நன்றாக ஆடியவர்களில் ஒருவரான பியூயமும் முதலாண்டு மாணவர்தான். ஜெயித்த பிறகு அனுபவம் என்பார்கள், தோற்றிருந்தால் அதே ஆட்களைக் கால் தேய்ந்தவர்கள் என்றிருப்பார்கள்.

உங்கள் அறைத்தோழருக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது, கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். அடுத்த வருஷம், 2025 மார்ச்சில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் இதே இரண்டு அணிகள் கால் இறுதியில் மோதின. அந்த முறையும் பாஸ்டன் காலேஜ்தான் தொடரின் முதல் நிலை அணி, டென்வர் கோலில் அதே டேவிஸ். டென்வர் 3-1 என்று ஜெயித்தது. இரண்டு ஆட்டம் என்பது புள்ளிவிவரத்துக்கு ஒன்றுமே இல்லை, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் 2024ஐ வெறும் அதிர்ஷ்டம் என்று நினைத்தவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் அரையிறுதியில் டென்வரும் வெஸ்டர்ன் மிச்சிகனிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்று வெளியேறியது. முந்தின வருஷம் அவர்கள் பக்கம் விழுந்த அதே மெல்லிய கோடு, இந்தத் தடவை மறுபக்கம் விழுந்தது.

பதிவு உங்களிடம் இருக்கிறது என்றால் இப்படிப் பாருங்கள். மூன்றாம் பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதியை முதலில் போடுங்கள். அந்தப் பகுதியில் அணிகள் பக்கம் மாறுவதால், ஒவ்வொரு அணியின் தடுப்புப் பகுதியும் அதன் பெஞ்சிலிருந்து தள்ளிப் போய்விடும், ஆள் மாற்ற நெடுந்தூரம் சறுக்க வேண்டும். ஷாட் எண்ணை அட்டை வைத்து மறைத்துவிடுங்கள். வட்டைப் பார்க்காதீர்கள், டென்வரின் நீலக் கோட்டை மட்டும் பாருங்கள். பாஸ்டன் காலேஜ் ஒவ்வொரு முறை அங்கே வரும்போதும், வட்டைத் தன் மட்டையிலேயே வைத்துக்கொண்டு கடந்தார்களா, இல்லை முன்னால் எறிந்துவிட்டுத் துரத்தினார்களா என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகக் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அறைத்தோழரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கையிலும் ஒரு தாளைக் கொடுங்கள். இருபது நிமிடம் முடிந்ததும் இருவர் தாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என்ன எண்ணிக்கை வந்தது என்று இங்கே எழுதினால் நானும் என் தாளை எடுத்துப் பார்க்கிறேன்.